அறிவியல் அகாடமி எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இன்னார் அறிவியல் அகாடமியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று நாளிதழில் அவ்வப்போது இரண்டு வரிச் செய்தி வரும். அது பட்டமா, பதவியா, பரிசா, கூடவே சம்பளம் உண்டா என்று கேட்டால் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்களே தடுமாறுகிறார்கள். அப்படி வந்து குவிந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. சிலவற்றுக்கு ஒரு பத்தியே அதிகம்.

தேசிய அறிவியல் அகாடமி என்பது பல்கலைக்கழகமா, அரசுத் துறையா?

இரண்டும் இல்லை. அது விஞ்ஞானிகளின் சங்கம். புதிய உறுப்பினர்களைப் பழைய உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த உறுப்பினர்களைத்தான் பல அகாடமிகள் ஃபெல்லோ என்று அழைக்கின்றன. அரசு ஆணையாலோ சட்டத்தாலோ பிறந்த அகாடமிகள்கூட யாரைச் சேர்ப்பது என்ற உரிமையைப் பெரும்பாலும் தங்கள் கையிலேயே வைத்திருக்கின்றன. அமெரிக்கத் தேசிய அகாடமி 1863இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. ஆனாலும் அது இன்றுவரை லாப நோக்கற்ற தனியார் அமைப்புதான். அரசு கேட்டால் ஆலோசனை சொல்ல வேண்டும், அதற்குக் கூலி வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. செலவை மட்டும் அரசு ஏற்கும்.

இவை எப்போது தோன்றின?

ரோமில் 1603இல் ஃபெடரிகோ செசி என்ற பதினெட்டு வயது இளைஞர் மூன்று நண்பர்களோடு ஒரு கழகம் தொடங்கினார். லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனைக்குக் கூர்மையான பார்வை உண்டு என்பதால் அதன் பெயரைக் கழகத்துக்கு வைத்தார்கள். கலிலியோ 1611இல் சேர்ந்தார். ஜெர்மனியில் 1652இல் நான்கு மருத்துவர்கள் தொடங்கிய லியோபோல்டினா இன்று அந்நாட்டின் தேசிய அகாடமி. தேசிய அகாடமி என்ற தகுதி அதற்குக் கிடைத்தது 2008இல்தான். லண்டன் ராயல் சொசைட்டி 1660இலும், பாரிஸ் அகாடமி 1666இலும், ஸ்வீடன் நாட்டு அகாடமி 1739இலும் வந்தன.

லண்டனும் பாரிஸும் தொடக்கத்திலேயே வேறு வேறு பாதையில் போயின. பாரிஸில் மன்னர் பதினான்காம் லூயியின் கருவூலம் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. லண்டனில் உறுப்பினர்கள்தான் சந்தா கட்டினார்கள், அதையும் பலர் கட்டாமல் ஏமாற்றினார்கள்.

அகாடமி ஆராய்ச்சிக்குப் பணம் தருமா?

அது எந்த மரபைச் சேர்ந்த அகாடமி என்பதைப் பொறுத்தது.

சீன அறிவியல் அகாடமி 1949இல் தொடங்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்களை அது நேரடியாக நடத்துகிறது. அங்கே அகாடமிதான் முதலாளி: ஆய்வகம், கருவி, சம்பளம் எல்லாம் அதன் பொறுப்பு. சோவியத் அகாடமியும் அப்படித்தான் இருந்தது. அதன் வாரிசான ரஷ்ய அகாடமியிடமிருந்து ஆய்வு நிறுவனங்களை 2013இல் அரசு பிரித்தெடுத்துத் தனி அமைப்பிடம் கொடுத்தபோது விஞ்ஞானிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

மற்ற பெரும்பாலான நாடுகளில் பெரிய நிதிநல்கைகளைத் தருபவை தனி நிதி அமைப்புகள். அகாடமியிடம் இருப்பது சில ஆய்வு உதவித்தொகைகள், பயணப்படி, கருத்தரங்கச் செலவு, நன்கொடையாளர்கள் விட்டுச்சென்ற அறக்கட்டளைகள் ஆகியவைதான். ராயல் சொசைட்டி நடுவில் நிற்கிறது. அரசுப் பணத்தைப் பெற்று, 1983 முதல் இளம் விஞ்ஞானிகளுக்குப் பல்கலைக்கழக ஆய்வு ஃபெல்லோஷிப் என்ற உதவித்தொகையை வழங்குகிறது. எனவே "அகாடமிக்கு எழுதிப்போட்டால் கருவி வாங்கப் பணம் வருமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பெரும்பாலும் வராது. நேரத்தை வீணாக்காமல் நிதி அமைப்பின் கதவைத் தட்டுங்கள்.

பணம் தராவிட்டால் அது என்ன ஆதரவு?

நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால் அகாடமியின் ஆதாரமான வேலையே இந்தப் பதிலில்தான் இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை நடத்திய அன்டோனி வான் லேவன்ஹூக்கை எடுத்துக்கொள்வோம். கல்லூரிப் படிப்பு இல்லை, லத்தீன் தெரியாது. தானே தேய்த்துச் செய்த சின்னஞ்சிறு லென்ஸ்கள் அவரிடம் இருந்தன. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க நினைத்து அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். சில வாரங்கள் கழித்து ஒரு துளியை லென்ஸ் வழியாகப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் கூட்டம் கூட்டமாக நீந்துவதைக் கண்டார். 1676இல் அதைக் கடிதமாக எழுதி ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார்.

லண்டனில் யாரும் எளிதில் நம்பவில்லை. ஆனால் கடிதத்தைக் குப்பையிலும் போடவில்லை. செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் டச்சு மொழியிலிருந்து அதை மொழிபெயர்த்து, 1665 முதல் தான் நடத்திவந்த ஆய்விதழில் வெளியிட்டார். லேவன்ஹூக் பாதிரிமார் உள்ளிட்ட எட்டுப் பேரை அழைத்துத் தன் லென்ஸில் பார்க்கவைத்து, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். அதுவும் போதாது என்று ராபர்ட் ஹூக்கிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 1677 நவம்பரில் ஹூக் தாமே மிளகை ஊறவைத்தார். முதல் இரண்டு முறை ஒன்றும் தெரியவில்லை. இன்னும் நல்ல லென்ஸோடு மறுபடி முயன்றபோது, கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த உயிர்களைக் கண்ணால் பார்த்தார்கள். 1680இல் துணிக்கடைக்காரர் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார்.

இதில் நிதிநல்கை எதுவும் இல்லை. யாரோ ஒருவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள், பொறுமையாகச் சோதித்தார்கள், உண்மை என்று தெரிந்ததும் ஊரறியச் சொன்னார்கள். லேவன்ஹூக் 1723இல் இறக்கும்வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், அவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். "யாருடைய சொல்லையும் அப்படியே ஏற்காதே" என்ற பொருளில் ராயல் சொசைட்டி வைத்திருக்கும் லத்தீன் வாசகத்தை, அவநம்பிக்கை கொள்ளச் சொல்லும் கட்டளையாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சொன்னவர் யார் என்று பாராமல் சொன்ன விஷயத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அதே வாசகத்துக்குள் இருக்கிறது.

அகாடமிகள் பெரிய ஆய்வுகளுக்குச் செலவழித்ததே இல்லையா?

செய்திருக்கின்றன, பெரும்பாலும் அரசுப் பணத்தை வாங்கி. பூமி துருவங்களில் தட்டையா, நடுவில் ஒடுங்கியதா என்ற சண்டையைத் தீர்க்கப் பாரிஸ் அகாடமி 1735இல் நிலநடுக்கோட்டுக்கு அருகே, இன்றைய எக்வடார் பகுதிக்கு ஒரு குழுவையும், அடுத்த ஆண்டு லாப்லாந்துக்கு இன்னொரு குழுவையும் அனுப்பியது. வடக்கே போனவர்கள் 1737இல் திரும்பி, நியூட்டன் சொன்னதே சரி, துருவங்கள்தான் தட்டை என்று காட்டிவிட்டார்கள். தெற்கே போனவர்களுக்குச் செய்தி எட்டியபோது அவர்கள் இன்னும் மலையில் அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் லா கொண்டமின் பாரிஸ் திரும்பியது 1745இல்.

லண்டன் கதை வேறு மாதிரி. மீன்களைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்தை 1686இல் அச்சிட்டு ராயல் சொசைட்டி கையைச் சுட்டுக்கொண்டது. புத்தகம் விற்கவில்லை, கஜானா காலி. சரியாக அந்த நேரத்தில் நியூட்டனின் "பிரின்சிப்பியா" கையெழுத்துப் படியாக வந்து நின்றது. அச்சிடப் பணம் இல்லாததால் சொசைட்டியின் எழுத்தராக இருந்த எட்மண்ட் ஹாலி தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1687இல் அதை வெளியிட்டார். அவருக்குத் தர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக, விற்காமல் கிடந்த மீன் புத்தகப் பிரதிகளைக் கொடுத்தார்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற அகாடமி உலகின் மிக முக்கியமான அறிவியல் நூலை ஆதரித்த லட்சணம் இது.

பரிசுகள் ஆராய்ச்சியை உண்மையில் வளர்க்குமா?

செய்து முடித்ததற்குத் தரும் பரிசு ஒன்று. "இதற்கு விடை காணுங்கள்" என்று முன்கூட்டி அறிவித்துத் தரும் பரிசு இன்னொன்று. இன்று முதல் வகைதான் அதிகம். எனக்கு இரண்டாம் வகைமீதுதான் மதிப்பு, காரணம் பாரிஸில் கிடைக்கும்.

மெல்லிய உலோகத் தகட்டின்மேல் மணலைத் தூவி, அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் மணல் ஓடி ஒதுங்கி அழகான கோலங்களாக நிற்கும். ஏன் அப்படி என்பதற்குக் கணக்கு சொல்பவருக்குப் பரிசு என்று பாரிஸ் அகாடமி 1809இல் அறிவித்தது. கணிதப் பேராசிரியர்கள் ஒதுங்கிவிட்டார்கள். போட்டிக்கு வந்தவர் சோஃபி ஜெர்மைன் ஒருவர்தான். பெண் என்பதால் எந்தக் கல்லூரியிலும் சேர முடியாமல் வீட்டிலிருந்தே கணிதம் கற்றவர். முதல் முறை பிழை இருந்தது. இரண்டாம் முறை பாராட்டு மட்டும் கிடைத்தது. மூன்றாம் முறை, 1816இல், பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. பரிசு கொடுத்த அதே அகாடமியின் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்க அவருக்கு அப்போது அனுமதி இல்லை.

அடுத்தது ஒளி. அது துகள்களின் ஓட்டமா, அலையா? 1817இல் அகாடமி ஒளியின் விளிம்பு வளைவு, அதாவது தடையின் ஓரத்தில் ஒளி வளைவது பற்றிய போட்டியை அறிவித்தது. சாலை, பாலம் கட்டும் பொறியாளரான அகஸ்டின் ஃப்ரெனெல் அலைக் கொள்கையோடு வந்தார். நடுவர்களில் பாதிக்கு மேல் துகள் கட்சி. அவர்களில் ஒருவரான சிமியோன் புவாசோன் ஃப்ரெனெலின் கணக்கை ஊன்றிப் படித்து, அதில் ஒரு அபத்தம் ஒளிந்திருப்பதாகக் காட்டினார்: இந்தக் கணக்கு சரியென்றால் வட்டமான ஒரு தட்டின் நிழலின் நட்டநடுவில் வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும், நிழலுக்குள் எங்காவது வெளிச்சம் இருக்குமா? இன்னொரு நடுவர் பிரான்சுவா அராகோ வாதத்தில் இறங்கவில்லை. சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள உலோகத் தட்டை மெழுகால் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். நடுவில் புள்ளி இருந்தது. பரிசு 1819இல் ஃப்ரெனெலுக்கு. ஆட்சேபித்தவர் பெயரால் அந்தப் புள்ளியைப் பாடநூல்கள் இன்றும் "புவாசோன் புள்ளி" என்று அழைக்கின்றன. குறை காண்பதற்காகவாவது அவர் கட்டுரையை முழுதாகப் படித்தாரே, அதற்கு அந்தப் பெருமை தகும்.

எனவே பரிசு ஆய்வை வளர்க்குமா என்றால், கேள்வி நன்றாக இருந்தால் வளர்க்கும். எழுபது வயதில் பத்தாவது பதக்கத்தைச் சூட்டுவது அந்த மனிதரின் மனதைக் குளிர்விக்கும், அவ்வளவே.

மிகப் பழைய பதக்கம் எது?

இன்றும் வழங்கப்படும் அறிவியல் விருதுகளில் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் மிகப் பழையவற்றில் ஒன்று. ஒருவர் உயிலில் விட்டுச்சென்ற 100 பவுண்டுப் பணத்திலிருந்து பிறந்தது. 1731இல் முதன்முதலில் பெற்றவர் ஸ்டீஃபன் கிரே. துணிக்குச் சாயம் போடும் தொழிலிலிருந்து வந்து, முதுமையில் ஏழைகளுக்கான விடுதியில் தங்கியிருந்தவர். மின்சாரம் சில பொருள்கள் வழியாகப் பாயும், சிலவற்றில் பாயாது என்று கண்டறிந்தவர். பட்டுக் கயிற்றில் ஒரு சிறுவனைப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டு, அவன் உடலில் மின்னேற்றி, மெல்லிய உலோகத் தாள் துணுக்குகள் அவனை நோக்கித் தாவுவதைக் காட்டினார்.

நோபல் பரிசை அகாடமியா தருகிறது?

இயற்பியல், வேதியியல் பரிசுகளை ஸ்வீடன் நாட்டு ராயல் அறிவியல் அகாடமி தீர்மானிக்கிறது. 1969 முதல் வழங்கப்படும் பொருளியல் பரிசும் அதன் கையில். மருத்துவம், இலக்கியம், அமைதி மூன்றும் வேறு அமைப்புகள். பரிந்துரை விவரங்கள் 50 ஆண்டுகள் ரகசியம். கணிதத்துக்கான ஏபெல் பரிசை நார்வே அகாடமி 2003 முதல் தருகிறது. சென்னையில் பிறந்த எஸ். ஆர். ஸ்ரீனிவாச வரதன் 2007இல் அதைப் பெற்றார்.

உறுப்பினராக விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலான அகாடமிகளில் நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். ராயல் சொசைட்டியில் அதற்கு இரண்டு ஃபெல்லோக்கள் தேவை. பிறகு துறைவாரிக் குழுக்கள் கட்டுரைகளைப் படித்து, வெளியாரிடம் கருத்துக் கேட்டு வடிகட்டும். இறுதியில் வாக்கெடுப்பு.

இதில் உள்ள ஓட்டையை மறைக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு யாரைத் தெரியுமோ அவர்கள் பெயர்தான் முதலில் மேசைக்கு வரும். பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு அடுத்த அறையிலேயே ஃபெல்லோ இருப்பார், சிறிய கல்லூரியில் இருப்பவர் அதே தரத்தில் ஆய்வு செய்தாலும் அவரை முன்மொழிய ஆள் இருக்காது. இதற்குக் கடித உறவே ஓரளவு மருந்து. ராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதினார், ஹார்டி படித்தார், 1918இல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. ஆனால் எல்லாக் கடிதத்துக்கும் ஒரு ஹார்டி கிடைப்பதில்லை.

ஃபெல்லோவுக்குச் சம்பளம் உண்டா?

பொதுவாக இல்லை. பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள், முன்மொழியவும் வாக்களிக்கவும் உரிமை, குழுக்களில் ஊதியமில்லாத வேலை, சில இடங்களில் சந்தா. ரஷ்யா போன்ற சில நாடுகளில் மாத உதவித்தொகை உண்டு.

பெண்களை ஏன் இவ்வளவு தாமதமாகச் சேர்த்தார்கள்?

விதி இல்லாததால் அல்ல, மனம் இல்லாததால். மேரி கியூரி ஏற்கெனவே நோபல் பரிசு பெற்றவர். 1911 ஜனவரியில் பாரிஸ் அகாடமித் தேர்தலில் நின்று ஓரிரு வாக்குகளில் தோற்றார். அதே ஆண்டு இறுதியில் இரண்டாவது நோபல் பரிசு அவருக்கு வந்தது. அந்த அகாடமி ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது 1979இல், கணிதவியலாளர் இவோன் ஷொக்கே-ப்ரூவா மூலம். லண்டனில் 1902இல் ஹெர்தா அயர்டனின் பெயர் முன்மொழியப்பட்டபோது, திருமணமான பெண்ணைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று வழக்கறிஞர்களைக் கேட்டு மறுத்தார்கள். 1906இல் அவருக்கே ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் உண்டு, நாற்காலி இல்லை. அங்கே முதல் பெண் ஃபெல்லோக்கள் கேத்லீன் லான்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீஃபன்சனும், 1945இல்.

சில நாடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அகாடமிகள் ஏன்?

வரலாறும் ஆளுமைகளும்தான் காரணம். இந்தியாவில் மேக்நாத் சாஹா முன்னின்று 1930இல் அலகாபாத்தில் ஒன்று, சி. வி. ராமன் 1934இல் பெங்களூரில் ஒன்று, 1935இல் கல்கத்தாவில் தொடங்கிப் பின்னர் டெல்லிக்குப் போன இந்தியத் தேசிய அறிவியல் அகாடமி ஒன்று என மூன்று. ஒன்றாக்கும் பேச்சுகள் அன்றைக்கே நடந்து முறிந்தன. பல விஞ்ஞானிகள் மூன்றிலும் ஃபெல்லோக்கள்.

மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் என்ன கிடைக்கும்?

மேலே சொன்ன மூன்று இந்திய அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப் நடத்துகின்றன. இதற்கு மாணவரும் ஆசிரியரும் தாமே விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்கள் இரண்டு மாதம் வேறொரு ஊரில், ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறார்கள். பெரிய பதக்கங்களைவிட இது அதிகப் பயன் தருகிறது என்பது என் கருத்து. நல்ல ஆய்வகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தே இராத மாணவருக்கு, தோற்ற பரிசோதனையை மறுநாள் எப்படித் திரும்பத் தொடங்குகிறார்கள் என்று கிட்டே நின்று பார்ப்பதே பெரிய படிப்பு.

முதியவர்களின் மன்றமாகவே அகாடமி இருக்கிறது என்ற குறையைப் போக்க, ஜெர்மனியில் 2000இல் இளையோர் அகாடமி ஒன்று தொடங்கப்பட்டது. 2010இல் உலக இளையோர் அகாடமியும் வந்தது. வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்காக இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1983இல் இத்தாலியின் ட்ரியெஸ்தெ நகரில் உருவாக்கிய உலக அகாடமி, அந்நாடுகளுக்கிடையே ஆய்வு மாணவர் பரிமாற்றத்துக்கு உதவித்தொகை தருகிறது.

ஏற்கெனவே புகழ் பெற்றவருக்கே மீண்டும் மீண்டும் விருது போகிறதே?

போகத்தான் செய்கிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் இதற்கு "மத்தேயு விளைவு" என்று பெயர் வைத்தார். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற பைபிள் வசனத்திலிருந்து எடுத்த பெயர். பிரெஞ்சு மொழி அகாடமியில் நாற்பதே நாற்காலிகள் என்பதால், தகுதி இருந்தும் உள்ளே வராதவர்களை "நாற்பத்தோராவது நாற்காலிக்காரர்கள்" என்று அங்கே சொல்வதுண்டு. மெர்ட்டன் அதையும் எடுத்துக்காட்டினார். விருதுக் குழுவும் மனிதர்கள்தான். நூறு கோப்புகளைப் படிக்கும் களைப்பில், ஏற்கெனவே விருது வாங்கியவரைத் தேர்ந்தெடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அகாடமிகள் தவறாகத் தீர்ப்புச் சொன்னதுண்டா?

நிறைய. 1768இல் பிரான்சின் லூசே கிராமத்தில் வானத்திலிருந்து கல் விழுந்ததாக மக்கள் சொன்னார்கள். பாரிஸ் அகாடமியின் குழு அந்தக் கல்லைச் சோதித்து, இது மின்னல் தாக்கிய சாதாரணக் கல் என்று எழுதிக் கொடுத்தது. குழுவில் இளம் லவாய்சியேவும் இருந்தார். வேதியியல் சோதனையில் குறையில்லை, கிராமத்தாரின் பேச்சை நம்பாததுதான் குறை. 1803இல் லேகிள் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தபோது ஜான் பாப்டிஸ்ட் பியோ நேரில் போனார், ஊர் ஊராக விசாரித்தார், எந்தக் கல் எங்கே விழுந்தது என்று வரைபடம் போட்டார். விண்கற்கள் உண்டு என்பது அதன் பிறகுதான் ஏற்கப்பட்டது.

அரசுக்கு அடிபணிந்து செய்த தவறு இன்னும் கொடியது. சோவியத் வேளாண் அறிவியல் அகாடமி 1948இல், அரசின் ஆதரவு பெற்ற வேளாண் நிபுணர் லைசென்கோவின் பேச்சைக் கேட்டு மரபியலையே தடை செய்யும் நிலைக்குப் போனது.

ஃபெல்லோ என்ற தகுதியைப் பறிக்க முடியுமா?

முன்பு பெரும்பாலும் ஆயுள் உரிமை. அமெரிக்கத் தேசிய அகாடமி 2019இல் விதியைத் திருத்தி, நடத்தை நெறியை மீறுபவரை நீக்க வழி செய்தது. 2021இல் முதல் நீக்கம் நடந்தது.

என் கண்டுபிடிப்பை நேரடியாக அகாடமிக்கு அனுப்பலாமா?

அகாடமி நடத்தும் ஆய்விதழுக்குக் கட்டுரையாக அனுப்பலாம், மதிப்பாய்வாளர்கள் படிப்பார்கள். ஓயாமல் தானே சுழலும் இயந்திரம் என்றால் அனுப்ப வேண்டாம். அவற்றை இனிப் பார்க்க மாட்டோம் என்று பாரிஸ் அகாடமி 1775இலேயே அறிவித்துவிட்டது.

அதே பாரிஸில் இன்னொரு அருமையான பழக்கம் உண்டு. முடிவடையாத ஆய்வை உறையில் இட்டு முத்திரை வைத்து அகாடமியிடம் கொடுத்துவைக்கலாம், முதலில் கண்டது யார் என்ற வழக்கு வந்தால் திறப்பார்கள். கந்தகம் எரியும்போது எடை கூடுகிறது என்ற குறிப்பை லவாய்சியே 1772 நவம்பரில் இப்படித்தான் ஒப்படைத்தார்.

1940 பிப்ரவரியில் போர்முனையிலிருந்து அப்படி ஒரு உறை வந்தது. அனுப்பியவர் வொல்ஃப்காங் டோப்ளின், பிரெஞ்சுப் படையில் தொலைபேசிப் பணியில் இருந்த சிப்பாய், நிகழ்தகவுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற யூத அகதி. ஓய்வு கிடைத்த இரவுகளில் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தார். அந்த ஜூன் மாதம், ஜெர்மன் படை நெருங்கிவந்தபோது, தன் காகிதங்களை எரித்துவிட்டுத் தன்னையே சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 25. உறை அகாடமியின் காப்பகத்தில் கிடந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அதைத் திறந்தபோது, ஜப்பானியக் கணிதவியலாளர் கியோஷி இட்டோ பின்னாளில் தனியாகக் கண்டு புகழ்பெற்ற கணிதத்தின் முக்கியப் பகுதிகள் அந்த நோட்டிலேயே இருந்தன.